எல் யூ ஆன கதை: டிவி எண்களுக்குப் பின்னால்

போன தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அப்பா போன் செய்தார். "டிவியில சத்தம் வருதுடா, படம் வரல." பார்க்க வந்த மெக்கானிக் ரெண்டே நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டாராம்: "பேனல் போச்சு சார். பேனல் மாத்துற காசுக்குப் புது டிவியே வாங்கிடலாம்."

ஊருக்குப் போனதும் ஹால் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, டிவியை ஆன் செய்து, மொபைல் டார்ச்சைத் திரையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தேன். கருப்பாகக் கிடந்த திரையில், டார்ச் வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் மட்டும் செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. கொஞ்சம் கீழே நகர்த்தினால் ஓடிக்கொண்டிருக்கும் எழுத்துகள். ஆக, படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் காட்டும் விளக்குதான் எரியவில்லை. வேறொருவரை வரவழைத்து உள்ளே இருந்த எல்இடி பட்டைகளை மட்டும் மாற்றினோம். புது டிவி விலையில் சின்னப் பங்குதான் ஆயிற்று. (இந்தப் பட்டைகளில் எல்இடிகள் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தாலே மொத்தமும் இருட்டாகிவிடலாம்.)

டிவி ஓட ஆரம்பித்த பிறகு அப்பா ஒரு கேள்வி கேட்டார். "எல்இடி டிவின்னு சொல்லித்தானடா வித்தான்? எல்இடியே போச்சுன்னா டிவியே போச்சுன்னுதான அர்த்தம்? அப்புறம் அந்தப் படம் எதுல தெரிஞ்சுது?"

எல்சிடியில் தெரிந்தது. கடைகளில் "எல்சிடி எல்லாம் இப்ப வர்றதே இல்ல சார், எல்லாம் எல்இடிதான்" என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்த எல்இடி டிவி ஒவ்வொன்றும் எல்சிடி டிவிதான். திரவப் படிகத் திரை தானாக ஒளி விடாது. லட்சக்கணக்கான குட்டி ஜன்னல்கள் மாதிரி அது. ஒவ்வொன்றும் பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தை விடும், தடுக்கும், பாதி விடும். அந்த வெளிச்சத்தை முதலில் கொடுத்தது ட்யூப்லைட்டின் ஒல்லியான தம்பி போன்ற குளிர் கேத்தோடு குழல் விளக்கு. பிறகு எல்இடி. விளக்கு மாறியது, ஜன்னல் மாறவில்லை. பிறகு டிவியின் பெயர் ஏன் மாறியது? பல கம்பெனிகளின் பழைய மாடல் எண்களைத் துருவிப் பார்த்ததில் கிடைத்த கதைதான் இது.

ஆரம்பத்தில் இருந்து வருவோம். 1954-இல் அமெரிக்காவில் ஆர்சிஏ வெளியிட்ட முதல் கலர் டிவியின் எண் சிடி-100. அதற்குள் இருந்த படக்குழாயின் எண் 15ஜிபி22. இந்த எண் ஒரு முழு வாக்கியம். 15 என்பது குழாயின் அளவு, அங்குலத்தில். நடுவில் உள்ள ஜி, பதிவு செய்த வரிசையைக் காட்டும் எழுத்து. பி22 என்பது திரையின் உள்பக்கம் பூசிய ஒளிரும் பொருளின் வகை. 22 என்றால் கலர், 4 என்றால் கருப்பு வெள்ளை. இந்த முறை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமானதில்லை, தொழில் முழுவதற்கும் பொது. குழாயைக் கையில் வாங்கும் மெக்கானிக்குக் கம்பெனிக்காரன் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அந்த எண்ணிலும் ஒரு சின்ன ஏமாற்று இருந்தது. அளவு என்றால் கண்ணாடிக் குழாயின் வெளி அளவு. அதன் ஓரங்கள் பெட்டிக்குள் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் படம் அதைவிடச் சின்னது. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1966-இல் இதற்கென்றே ஒரு விதி போட்டது: விளம்பரத்தில் சொல்லும் அளவு கண்ணுக்குத் தெரியும் படத்தின் அளவாக இருக்க வேண்டும், கிடைமட்டமாக இல்லாமல் குறுக்காக அளந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மற்ற நாடுகளில் பழைய கணக்கே ஓடியது. அதனால் நாம் 29 இன்ச் என்று வாங்கிய குழாய் டிவியும் அமெரிக்கர்கள் 27 இன்ச் என்று வாங்கியதும் ஒரே அளவுக் கண்ணாடி. இரண்டிலும் தெரிவது 68 செ.மீ. தான். அந்த விதியை 2018-இல்தான் நீக்கினார்கள். அதற்குள் குழாய் டிவியே காணாமல் போய்விட்டது.

தட்டைத் திரைகள் வந்தபோதும் எழுத்துகள் கொஞ்ச காலம் உண்மையைத்தான் சொல்லின. பிளாஸ்மா 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ, மாணவர் ராபர்ட் வில்சன் மூவரும் டிவிக்காக அதைச் செய்யவில்லை. பிளேட்டோ என்ற கணினி வழிக் கல்வித் திட்டத்துக்கு ஒரு திரை தேவைப்பட்டது, அதற்காகச் செய்தார்கள். ஆரஞ்சு நிறம் மட்டும் காட்டிய அந்தத் திரை, முழு வண்ணத்தில் 21 இன்ச்சாக ஃபுஜிட்சுவிடம் இருந்து வர 1992 ஆயிற்று. 1997-இல் அமெரிக்கக் கடைக்கு வந்த பிலிப்ஸின் 42 இன்ச் பிளாஸ்மா சுமார் 15 ஆயிரம் டாலர். பயனியர் கம்பெனி தன் பிளாஸ்மா டிவிகளுக்கு பிடிபி என்றே எண்ணைத் தொடங்கியது. பிளாஸ்மா டிஸ்பிளே பேனல், அவ்வளவுதான். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும், பின்விளக்கு கிடையாது. நான் பார்த்த தட்டைத் திரைகளில் கருப்பு கருப்பாகவே தெரிந்த முதல் ஜாதி அதுதான்.

திரவப் படிகத்தின் கதை இன்னும் பழசு. 1888-இல் ஃப்ரெட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியலாளர் கேரட்டில் இருந்து எடுத்த கொலஸ்ட்ரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். அது இரண்டு முறை உருகியது: 145.5 டிகிரியில் கலங்கல் திரவம், 178.5 டிகிரியில் தெளிந்த திரவம். எண்பது வருஷம் கழித்து, 1968 மே மாதம், ஆர்சிஏ கம்பெனியில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழு அதே ரகப் பொருளால் செய்த திரைகளைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. சுவரில் மாட்டும் டிவி அவர்களின் கனவு. ஆனால் குழாய் டிவியில் கொழுத்த லாபம் பார்த்துக்கொண்டிருந்த ஆர்சிஏ அதைத் தொடரவில்லை. பிடித்துக்கொண்டது ஜப்பானின் ஷார்ப். 1973-இல் கால்குலேட்டர், 1988-இல் 14 இன்ச் வண்ணத் திரை, 1995-இல் 10.4 இன்ச் டிவி. அந்த டிவியின் எண் எல்சி-104டிவி1. எல்சி என்றால் லிக்விட் கிரிஸ்டல். ஷார்ப்பின் தலைவர் கட்சுஹிக்கோ மச்சிதா 1998-இல், 2005-க்குள் ஜப்பானில் விற்கும் எங்கள் டிவி எல்லாம் எல்சிடி ஆகிவிடும் என்று அறிவித்தார். 2001-இல் வந்த முதல் அக்வோஸ் வரிசையின் 20 இன்ச் டிவிக்கு எண் எல்சி-20சி1. அப்போதும் எல்சிதான்.

நம்மூரில் அந்தக் காலத்தில் "ஃப்ளாட் டிவி" என்றால் முகம் மட்டும் தட்டையான குழாய் டிவி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2006-இல் தொடங்கி தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவசக் கலர் டிவியும் 14 இன்ச் குழாய்தான்.

சாம்சங்கின் எண்களிலும் இந்த ஒழுங்கு இருந்தது. முதல் எழுத்து திரையின் வகை, அடுத்தது விற்கும் கண்டம். எல் என்றால் எல்சிடி. பிளாஸ்மாவுக்கு அதன் முதல் எழுத்து. என் என்றால் வட அமெரிக்கா, இ என்றால் ஐரோப்பா, ஏ என்றால் நம் ஆசியா. அதற்குப் பிறகு அங்குலம், வருஷ எழுத்து, வரிசை எண். எல்என்46ஏ650 என்று பார்த்தால்: எல்சிடி, வட அமெரிக்கா, 46 இன்ச், ஏ என்ற 2008-ஆம் வருஷம், 650 வரிசை. கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம்.

2009-இல் சாம்சங் ஒரு புது வரிசையை இறக்கியது. சுமார் 3 செ.மீ. தடிமன். குழல் விளக்குகளுக்குப் பதில் திரையின் ஓரங்களில் வெள்ளை எல்இடிகள். அவற்றின் வெளிச்சத்தை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு திரை முழுக்கப் பரப்பும். உண்மையிலேயே நல்ல பொறியியல், அதில் சந்தேகம் இல்லை. பெட்டி ஒல்லியானது, கரண்டு மிச்சம், குழல் விளக்கில் இருந்த பாதரசமும் இல்லை. பெட்டியின் மேல் "எல்இடி டிவி" என்று அச்சடித்தார்கள். மாடல் எண்ணில் எல் போய் யூ வந்தது: யூஎன், யூஇ, யூஏ. அதே வருஷம் குழல் விளக்கு வைத்த மாடல்களும் பழைய எல் எழுத்தோடு பக்கத்து அலமாரியில் இருந்தன. இரண்டிலும் படம் காட்டுவது ஒரே ரகத் திரை. ஆனால் கடைக்குள் நுழைபவர் கண்ணுக்கு எல்சிடி, எல்இடி என இரண்டு தனி ஜாதிகள்.

சாம்சங்தான் எல்இடியை முதலில் பின்விளக்காக வைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். சோனி 2004-லேயே குவாலியா 005 என்ற டிவியில் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளைப் பின்னால் வைத்துவிட்டது. 2008-இல் வந்த அதன் 40 இன்ச் இசட்எக்ஸ்1 மாடலில் ஓர எல்இடி. மெல்லிய இடத்தில் தடிமன் 9.9 மி.மீ. இரண்டையும் சோனி எல்சிடி டிவி என்றுதான் விற்றது. அதன் கேடிஎல் என்ற முன்னெழுத்து எல்இடி வந்த பிறகும் பல வருஷம் அப்படியே இருந்தது. விளக்கு மாறினால் டிவியின் ஜாதி மாறாது என்று சோனியின் எண் ஒழுங்காகச் சொன்னது, விற்பனை என்னவோ அதைக் கேட்கவில்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் வரை பேச்சு போனது. எல்இடி டிவி என்ற பெயரை அது தடுக்கவில்லை. விளம்பரத்தில் விஷயத்தை விளக்கிச் சொல்லுங்கள் என்றது. விளக்கம் பொடி எழுத்தில் போயிருக்கும், பெயர் பெரிய எழுத்தில் நின்றுவிட்டது.

இதில் அடிபட்டது பிளாஸ்மா என்பது என் எண்ணம். பளபளவென்று விளக்குப் போட்ட கடையில் எல்இடிதான் பிரகாசமாகத் தெரியும். பிளாஸ்மாவின் நல்ல குணம் தெரிய இருட்டு வேண்டும், கடைக்காரர் எதற்கு இருட்டாக்கப் போகிறார்? மின்சாரமும் அதிகம் தின்றது, 4கே-வுக்கு அந்தப் புள்ளிகளைச் சிறிதாக்குவதும் சிரமம். பயனியர் 2009-இல் விலகுவதாக அறிவித்தது, பானசோனிக் 2013 டிசம்பரோடு உற்பத்தியை நிறுத்தியது. எல்இடி என்ற பெயர் பழைய எல்சிடியைப் புதுசாகக் காட்டிய அதே வேகத்தில், எண்ணத்தில் பிளாஸ்மாவைக் கிழவனாக்கிவிட்டது.

கடை மறந்தாலும் சுங்கத்துறை மறக்கவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கை. நம் நாட்டில் டிவி செய்யும் தொழிற்சாலைகளுக்குக் கப்பலில் வரும் முக்கியமான சரக்கு "ஓப்பன் செல்". அதாவது பின்விளக்கு இல்லாத வெறும் எல்சிடி கண்ணாடி. இங்கே எல்இடி பட்டை, ஒளி பரப்பும் தாள்கள், தகரம் எல்லாம் சேர்த்து முழுப் பேனலாக்குவார்கள். 2019 செப்டம்பரில் மத்திய அரசு இதன் மேல் இருந்த 5 சதவீத வரியை நீக்கியது. அடுத்த வருஷம் அக்டோபரில் திரும்பப் போட்டது. எல்சிடி டிவி, எல்இடி டிவி இரண்டுக்குமான பேனல் செய்ய இதே ஓப்பன் செல்தான் என்று அரசு அறிவிக்கையே சொல்கிறது. அப்பாவின் டிவியில் அந்த மெக்கானிக் போய்விட்டதாகச் சொன்னது இந்தக் கண்ணாடியை. உண்மையில் போனது இங்கே ஒட்டிய பட்டை.

சரி, இன்றைக்குப் பெட்டியின் பின்னால் உள்ள ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது? சாம்சங்கின் வருஷ எழுத்து 2010-இல் சி, 2012-இல் இ, 2013-இல் எஃப். பிறகு ஜி-யைத் தாண்டி 2014-இல் எச், ஐ-யைத் தாண்டி ஜே, கே. எல்-ஐத் தாண்டி 2017-இல் எம், என், 2019-இல் ஆர். ஒன்று மாதிரி, பூஜ்யம் மாதிரித் தெரியும் எழுத்துகளை விட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம், ஜி-யும் 6 மாதிரித்தான் இருக்கும். 2021-இல் மறுபடி ஏ-யில் இருந்து தொடங்கியாயிற்று. ஆகவே வெறும் சி-யைப் பார்த்து 2023 மாடல் என்று பழைய டிவி வாங்கினால், அது 2010-ஆகவும் இருக்கலாம். கடைசியில் வரும் நீளமான வால் நாட்டைக் காட்டும். இந்தியாவுக்கு வந்த பல மாடல்களில் எக்ஸ்எக்ஸ்எல் என்று முடியும். சட்டை அளவு என்று நான் ரொம்ப நாள் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு கம்பெனியின் பாஷையை இன்னொன்றில் போட்டுப் பார்த்தால் குழம்பிவிடுவோம். சாம்சங்கில் யூஎன் என்றால் எல்இடி, வட அமெரிக்கா. எல்ஜியில் அதே யூஎன் என்றால் 4கே, 2020-ஆம் வருஷம். அதற்கு முந்தினது யூஎம், அதற்கு முந்தினது யூகே. 15ஜிபி22 காலத்துப் பொது மொழி போய், ஆளுக்கொரு ரகசிய மொழி.

அடுத்த கூத்து 2017-இல். சாம்சங் யூ-வுக்கு மேலே கியூ என்ற முதல் எழுத்தைக் கொண்டுவந்தது: கியூஎல்இடி. இதிலும் திரவப் படிகம், பின்னால் எல்இடி, நடுவில் குவாண்டம் புள்ளிகள் கலந்த ஒரு படலம். அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்து உருவாக்கியவர்களுக்கு 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது, அதனால் சரக்கைக் குறை சொல்ல முடியாது. நிறம் நிஜமாகவே நன்றாக இருக்கும். பெயர் மட்டும் இடிக்கிறது. ஓ என்ற ஆங்கில எழுத்துக்கு ஒரு வால் போட்டால் கியூ. ஓஎல்இடி முற்றிலும் வேறு ஜாதி. கோடாக் கம்பெனியில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்தது. கரிமப் பொருளே மின்சாரத்தில் ஒளிரும், பின்விளக்கே கிடையாது. 2007-இல் சோனி விற்ற எக்ஸ்இஎல்-1 என்ற 11 இன்ச் டிவி அந்த ஜாதியின் முதல் டிவி. திரையின் தடிமன் 3 மி.மீ. தான். எல்ஜி ஆரம்பத்தில் இ என்ற எழுத்தும், பிறகு 2016-இல் இருந்து எண்ணின் தொடக்கத்திலேயே ஓஎல்இடி என்றும் போட்டுவிட்டது. இன்றைய எண்களில் எனக்குப் பிடித்த நேர்மை அது.

சாம்சங் 2022-இல் ஓஎல்இடிக்குத் திரும்பியபோது தனி முதல் எழுத்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எல்சிடி வகை கியூஎல்இடிக்கு இருந்த அதே கியூ, கண்டத்தின் எழுத்து, அங்குலம். அதற்குப் பிறகு எஸ் வந்தால்தான் ஓஎல்இடி. அதிலும் ஒரு திருப்பம்: 2023-இன் எஸ்90சி வரிசையில் 55, 65, 77 இன்ச் டிவிகளில் இருப்பது சாம்சங்கின் சொந்தத் திரை, குவாண்டம் புள்ளிகளோடு. 83 இன்ச்சில் இருப்பது போட்டியாளரான எல்ஜி டிஸ்பிளே செய்த வேறு ரகத் திரை. வரிசையின் பெயர் ஒன்று, விளம்பரம் ஒன்று, அங்குலம் மட்டும் வேறு. இணையத்தில் 65 இன்ச்சின் விமர்சனத்தைப் படித்துவிட்டு 83 வாங்கியவர் படித்தது வேறு டிவியைப் பற்றி.

அதனால் யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு எண்ணையும், வால் உட்பட, எழுதிக்கொண்டு போய்த் தேடுங்கள். "பின்விளக்கு" என்று ஏதாவது ஒரு வகை போட்டிருந்தால் அது எல்சிடி, முன்னால் எத்தனை எழுத்து ஒட்டியிருந்தாலும் சரி. பின்விளக்கு உள்ள டிவியில் சத்தம் வந்து படம் வராவிட்டால், பேனலுக்குப் பேரம் பேசும் முன் ஒரு டார்ச்.

அப்பாவிடம் இதையெல்லாம் பாதிதான் சொன்னேன், செய்தி ஆரம்பித்துவிட்டது. விளம்பர இடைவேளையில் டிவியைச் சுவரில் இருந்து கொஞ்சம் இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்டிக்கர் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக டைரியில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு அதற்குக் கீழே: "எல்சிடி. உள் விளக்கு மாற்றியது", தேதி, கொடுத்த தொகை.